பொது ஆள் கையால் எண்ணெய்

என் மகனுடைய கார் கொஞ்ச நாளாக நீலப் புகை விடுகிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு எஞ்சினையே மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரிங்கைப் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்களாம். எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தார்களாம். எண்ணெய் ஊற்றி மறுபடியும் பார்த்தார்களா, ஊற்றிய பிறகு முள் ஏறியதா என்று கேட்டேன். எல்லாம் பார்த்தார்கள் என்றான். "அந்த எண்ணெ யாருது?" என்று கேட்டபோதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "பட்டற எண்ணெதாம்பா. வேற யாரு கொண்டாருவாங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். வயதானவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் தேவையில்லை என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. இந்தக் கேள்வி அந்தப் பாதியில் சேராது.

எனக்கு அப்போது பத்து வயது. வடக்கனந்தலில் இருந்தோம். அப்பா ஜீப் ஓட்டினார். பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட பழைய பெட்ரோல் ஜீப். அவரும் அம்மாவின் அண்ணனும், அதாவது என் மாமாவும், பாதிப் பாதி போட்டு வாங்கியது. மாமாவுக்குக் கள்ளக்குறிச்சியில் நெல் மண்டி இருந்தது. வண்டி ஓட்டுவது அப்பா, கேள்வி கேட்பது மாமா என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீப் கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறி வெள்ளிமலைக்குப் போகும். அந்தக் காலத்தில் அதைச் சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏறும்போது உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் போகும். இறங்கும்போது சாமை மூட்டையும் கடுக்காயும் புளியும் பலாப்பழமும் வரும். இரண்டு வழியிலும் ஆட்கள். எட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் ஒருமுறை இருபத்தொரு பேரை நான் எண்ணியிருக்கிறேன், கோழிகளைச் சேர்க்காமல்.

அந்த வருடம் மழைக்கு முன்பாக ஜீப் புகைய ஆரம்பித்தது. எண்ணெயைக் குடித்தது. மேட்டில் மூச்சு முட்டி நின்றது. ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. தள்ளியவர்கள் கூலியைக் குறைக்கச் சொன்னார்கள். நியாயந்தான்.

ரிங் தேய்ந்துவிட்டது என்றார் அப்பா. பிஸ்டனைச் சுற்றி வளையல் போட்டதுபோல் இருக்குமே, அந்த இரும்பு வளையம். அதை மட்டும் மாற்றினால் வண்டி பழையபடி ஓடும் என்பது அவர் கட்சி. எஞ்சினே போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பிரித்துக்கொள்வோம் என்பது மாமாவின் கட்சி. மாமாவிடம் ஜீப் போனாலும் மண்டி இருக்கும். அப்பாவிடம் ஜீப்பைத் தவிர ஒன்றும் இல்லை. வேறு எஞ்சின் வாங்கிப் போட அவரால் ஆகாது. ஆகவே ரிங்தான் போயிருக்கிறது என்று அவர் நம்பினார். நம்பாவிட்டால் மறுநாள் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

வண்டி புகைய ஆரம்பித்த பிறகு அப்பா அடிக்கடி மலையிலேயே தங்கினார். முன்பெல்லாம் மழைக்காலத்தில் எப்போதாவது தங்குவார். இப்போது வாரத்தில் பாதி நாள் அங்கேதான். எஞ்சின் சூடாகிவிட்டது, ஆறவிட்டு வந்தேன் என்பார். எஞ்சின் ஆற ஒரு ராத்திரி முழுவதும் வேண்டுமா என்று அம்மா கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோது அப்பா என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிமலையில் ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரில் கூரை போட்ட ஒரு டீக்கடை இருந்தது. கடையை நடத்தியது ஒரு பெண். அம்மாவைவிட வயது குறைந்தவள். குரல் கனமாக இருக்கும், ஆட்களை அதட்டித்தான் பேசுவாள். "பையனா? மூக்கு உன்னுதேதான், பாவம்" என்றாள் அப்பாவிடம். அப்பா சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தை என்று கூப்பிடு என்று என்னிடம் சொன்னார். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் தெரிந்தவர்களை எல்லாம் அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவோம் என்பதால் கூப்பிட்டேன். அவள் எனக்கு ஒரு கிண்ணம் தேனும் வறுத்த சாமை மாவும் கொடுத்தாள். அப்பா தானே எழுந்து போய் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தார். அது எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. கை துடைக்கத் துணி தேடி உள்ளே போனேன். ஆணியில் அப்பாவின் நீலச் சட்டை தொங்கியது. காலர் கிழிந்து அம்மா தைத்துக்கொடுத்த சட்டை. அதைக் காணோம் என்று அம்மா எத்தனையோ நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த நல்ல செய்தியைச் சொன்னேன்.

"ம்மா, அந்த நீலச் சட்ட கெடச்சிடுச்சி. மலையில டீக்கட அத்த வூட்டுல மாட்டிக்கினு இருக்குது."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கெடச்சிடுச்சா" என்றாள். கழுநீரை ஊற்றிவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டுக் களைந்தாள். "தொவச்சி இருந்துதா?"

"மடிப்பெல்லாம் நல்லா இருந்துதும்மா."

"நல்லது" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் கள்ளக்குறிச்சியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவது, அவர் சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. ரிங் என்றால் மாற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். எஞ்சின் என்றால் விற்றுவிட வேண்டும். அந்த மெக்கானிக் கூட்டு வண்டிகளுக்குத் தீர்ப்புச் சொல்வதில் பேர் போனவர். அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சோதிக்கும்போது ஊற்றும் எண்ணெய் அவருடையதாக இருக்கக்கூடாது. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் கொண்டுவந்ததாகவும் இருக்கக்கூடாது. முன்பு எவனோ விளக்கெண்ணெயைக் கலந்து கொண்டுவந்து செத்த எஞ்சினுக்கு உயிர் இருப்பதாகக் காட்டிவிட்டானாம். அதிலிருந்து, இருவருக்கும் பொதுவான ஓர் ஆள் கையால்தான் எண்ணெய் வர வேண்டும்.

"பொது ஆளுக்கு எங்க போறது?" என்றார் மாமா. "உங்கூர் ஆளுன்னா உனக்குச் சாட்சி, என் மண்டி ஆளுன்னா எனக்குச் சாட்சி."

"ஏன் மச்சான், உந்தங்கச்சி இல்ல?" என்றார் அப்பா.

மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமா மாப்ள. அவளுக்கு நீயும் வேணும், நானும் வேணும்" என்றார். ஜீப் வாங்கிய நாளிலிருந்து அவர்கள் இருவரும் தகராறு இல்லாமல் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். இருவருமாகப் போய்ப் புது எண்ணெய் ஒரு தகரம் வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மா அதைச் சமையலறையில், அடுப்புக்கு எட்டாத மூலையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா உற்சாகமாக இருந்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்க உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டார். பம்பின் ரப்பர் குழாய் வாயை விரலால் அடைக்கச் சொன்னார். அடித்தார். விரலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பம்பைக் கழற்றி, உள்ளே குடைபோல் இருக்கும் தோலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பூட்டினார். மறுபடியும் அடித்தார். என் விரலைக் காற்று தள்ளிவிட்டது.

"பாத்தியா? தோலு காஞ்சிருந்தா காத்து சந்துல பூடுது. எண்ணெ பட்டா சந்து அடச்சிக்கும். வண்டியிலயும் இதான் கணக்கு. எண்ணெ ஊத்துனதும் கம்ப்ரசன், அதான் உள்ள அடைபடற காத்தோட அழுத்தம், ஏறிச்சின்னா ரிங்குதான் கோளாறு. ஏறலன்னா வால்வு, ஹெட்டு, எல்லாம் சேந்து போயிருக்குதுன்னு அர்த்தம்."

அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "எண்ணெக்கி பதிலா தண்ணி ஊத்துனா?" என்றாள்.

அப்பா சிரித்தார். "தண்ணி ஊத்துனா துருப் புடிக்கும்."

"வெளக்குக்கு ஊத்தற கிருஷ்ணாயிலு?"

"அது இன்னாத்துக்கு? அது இருக்கற எண்ணெயயும் கழுவிக்கினு கீழ பூடும். ஒண்ணும் நிக்காது."

அம்மா தலையாட்டிவிட்டு முறத்தைத் தட்டினாள். ஜீப்பைப் பற்றி அம்மா கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான். அப்பாவுக்கு அதில் பெருமை. எனக்கும் சந்தோஷம். ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே விஷயத்தில் அக்கறையாக இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா விடியற்காலையிலேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பொது ஆள் கூட்டாளியோடு வண்டியில் வரக்கூடாது என்பதால் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். எண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் துணித் திரி அடைத்து முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். கூடவே ஒரு பித்தளைப் பாலாடையும் எடுத்துவந்தாள். பிளக் துளைக்குள் சிந்தாமல் ஊற்ற மூக்கு நீண்ட எதுவாவது வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியனுப்பியிருந்தார். எனக்குப் பால் புகட்டிய பாலாடைதான் அது.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு புங்கமரமும். ஜீப்பின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எஞ்சின் சூடாக இருந்தது. மெக்கானிக் நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். முதல் துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "சுத்துங்க" என்றார். அப்பா முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றினார். நல்ல எஞ்சின் என்றால் விரலை டப்பென்று தூக்கி எறிய வேண்டும். எறியவில்லை. மாமாவையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். பிறகு எனக்கும் ஒரு துளையைக் கொடுத்தார்கள். பூனைக்குட்டி மூச்சு விடுவதுபோல் விரலில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். நான்கும் அப்படியே.

"இன்னா மாப்ள, இதுல மலையேறினியா நீ? சாமி புண்ணியத்துல ஏறிக்கினு இருந்திருக்க" என்றார் மாமா.

"எண்ணெ ஊத்தட்டும் மச்சான். அப்புறம் பேசு."

அம்மா மரத்தடியிலிருந்து வந்து புட்டியையும் பாலாடையையும் மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் ஊற்றினார். ஊற்றும்போது ஒரு கணம் நிறுத்தி, "எளசா இருக்குதே" என்றார்.

"இந்த வெயிலுக்கு நானே எளகிப்போயிட்டேன். எண்ணெ எளகாதா?" என்றார் மாமா.

மெக்கானிக் இரண்டு விரலுக்கு நடுவே எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நாளெல்லாம் மண்ணெண்ணெயில் இரும்புச் சாமான் கழுவும் விரல்கள். அதில் என்ன வாசம் தெரியும்? அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, தகரத்துலருந்து நேரா ஊத்திக்கினு வந்ததுதானா?"

"ஆமாங்க. அவுங்க ரெண்டு பேரும் குடுத்ததுதான்" என்றாள் அம்மா. அண்ணனையும் புருஷனையும் ஒரு தடவை பார்த்தாள். இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

முதல் துளை ஏறவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில், "இன்னொரு தபா ஊத்துங்க" என்றார் அப்பா. ஊற்றினார்கள். அப்பா ஹேண்டிலைச் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான்காவதுக்கு அவரே வந்து கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மாமாவைச் சுற்றச் சொன்னார். மாமா சுற்றினார். அவர் நேர்மையாகத்தான் சுற்றினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்பா விரலை எடுக்காமல் குனிந்தே நின்றார். மாமா சுற்றுவதை நிறுத்திய பிறகும் எடுக்கவில்லை.

"பொது ஆள் எண்ணெ. நான் சொல்றதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. எஞ்சின் போச்சி" என்றார் மெக்கானிக். பாலாடையைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஜீப்பைக் கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து எடுத்துக்கொண்டார். அப்பா ஒரு ரைஸ் மில்லில் எஞ்சின் பார்க்கும் வேலைக்குப் போனார். அசையாத எஞ்சின். அது எங்கும் ஏறாது, எங்கும் இறங்காது. பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா சுடச்சுடச் சோறு போடுவாள். சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சு குறைந்துவிட்டது. சிரிப்பு எங்கள் வீட்டில் எப்போதும் குறைவுதான் என்பதால் அது போனது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த ஜீப் எங்கள் தெருமுனை வழியாகப் போனது. ஆட்களும் மூட்டையுமாக நிறைந்திருந்தது. புகை இல்லை. வாங்கியவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ரிங்தான் தேய்ந்திருந்ததாம், வேறு ஒரு பழுதும் இல்லையாம். புது ரிங் போட்டதும் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பா வாசலில் நின்று அது போவதைப் பார்த்தார். சத்தம் ஓயும்வரை நின்றார். உள்ளே வந்து, "உங்கண்ணன் அந்த மெக்கானிக்க வளச்சிப் போட்டுட்டான்" என்றார். அம்மா அவருக்குத் தட்டை எடுத்து வைத்தாள். அவர் வேறு யாரைச் சந்தேகப்பட முடியும்? எண்ணெய்தான் பொது ஆள் கையால் வந்ததே.

அன்றோடு மாமா வீட்டுச் சம்பந்தம் அறுந்தது. மாமா இரண்டு முறை வந்து வாசலில் நின்று, "மாப்ள, எம்புள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா கதவைத் திறக்கவில்லை. அம்மா கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. மாமா கடைசிவரை பழியோடுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவுக்கு அண்ணன் கிடைத்திருப்பார். அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் பம்பரத்துக்கு எண்ணெய் தேடியபோது சமையலறையில் விறகுக்குப் பின்னால் அந்தத் தகரம் இருந்தது. திறந்து பார்த்தேன். கெட்டியாக, தேன்போல, ஏறக்குறைய வாய்வரை எண்ணெய். "இது இன்னாம்மா?" என்றேன். "மிச்சம்" என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். நான்கு துளைக்கு ஊற்றி, அப்பா கேட்டு மறுபடியும் ஊற்றி, இவ்வளவு மிச்சம் எப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எண்ணாமல் விட்டதற்காகத்தானோ என்னவோ, இப்போது எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பிறகு ஒரு சந்தை நாளில் டீக்கடை அத்தையைப் பார்த்தேன். கச்சிராயபாளையத்தில், புளி மூட்டைகளுக்கு நடுவே. மெலிந்திருந்தாள். என்னை முதலில் கண்டுகொண்டது அவள்தான்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"மலப் பக்கமே வர்றதில்லயே. ஏன்?" அதட்டும் குரல் இல்லை. மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வண்டி எஞ்சின் போயிடுச்சி. கம்ப்ரசன் ஏறவே இல்ல" என்றேன். பட்டறையில் நானும் விரல் வைத்துப் பார்த்தவன் அல்லவா, விவரமாகத்தான் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளை இறக்கிவிட்ட ஜீப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஜீப். எஞ்சினை நிறுத்தவில்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாதான் அப்டி சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

"சரி" என்றாள். கூடையிலிருந்து ஒரு புட்டித் தேனை எடுத்தாள். கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவள்போல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கூடைக்குள்ளேயே வைத்துவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தாள். சாமான் எதுவும் வாங்காமலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தேன் கிடைக்காத வருத்தத்தைத்தான் முக்கியமாகச் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"இன்னா கேட்டா?"

"அப்பா ஏன் வர்றதில்லன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எஞ்சின் போயிடுச்சி, கம்ப்ரசன் ஏறலன்னு சொன்னேன்."

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினாள். அடிக்கடி அப்படிச் செய்கிறவள் அல்ல. "அப்டியே சொன்னியா?" என்று மறுபடியும் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறந்த வீட்டுச் சீர் நின்ற பிறகு யாரும் தொடாமல் மேலே இருந்த வெல்ல டப்பாவை இறக்கி ஒரு பெரிய கட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். மூலையில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வண்டி விஷயத்தில் சரியான பதில் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டு, வெல்லத்தை வாயில் அடக்கியபடி தெருவுக்கு ஓடினேன்.